மழை பெய்யும் மலையில் பீலி வற்றுவது ஏன்?

(உலக நீர் தினத்தையொட்டி நடந்த தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச் 22 உலக நீர் தினம். 1993ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுவதும் கொண்டாடி வருகிறார்கள். பாடசாலையில் நாங்களும் பிள்ளைகளிடம் படம் வரையச் சொல்லி, "நீரைச் சிக்கனமாகப் பாவிப்போம்" என்று எழுதிச் சுவரில் ஒட்டுவோம். ஆனால் அந்த வாசகத்தை லயத்துக்கு எடுத்துப் போய் ஒரு அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அரிசி களைந்த தண்ணீர் கறிக்குப் போகிறது, உடுப்பு அலசின தண்ணீர் வாசல் கழுவப் போகிறது, அதில் மிஞ்சியது கீரைப் பாத்திக்குப் போகிறது. விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் வரும் குழாயில் மூன்று குடம் பிடித்துவிட்டு மலைக்கு ஓடுகிறவரிடம் சிக்கனம் பற்றி நான் என்ன படிப்பிப்பது? அவர்தான் எனக்குப் படிப்பிக்க வேண்டும்.

அதனால் இன்றைக்கு வாளியைப் பற்றிப் பேசாமல், வாளிக்குள் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வழியில் எங்கே தொலைகிறது என்று பேசலாம் என நினைக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் ஒரு பாட்டி எழும்பிக் கேட்டார்: "ஏன் டீச்சர், ஆடி மாசம் இந்த மலையே ஊறிப் போற அளவுக்கு மழை பெய்யுது. மாசியில பீலியில சொட்டுத் தண்ணி இல்ல. பெஞ்ச மழையெல்லாம் எங்கதான் போகுது?" விஞ்ஞானப் பாடப் புத்தகம் முழுவதற்கும் அந்த ஒரு கேள்வி போதும்.

முதலில் உலகத்துக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமியில் உள்ள தண்ணீர் முழுவதையும் 200 லீற்றர் பெரல் ஒன்றில் ஊற்றி வைத்ததாக நினையுங்கள். அதில் 195 லீற்றர் உப்புத் தண்ணீர், கடல். மிச்சம் 5 லீற்றர்தான் நல்ல தண்ணீர். அந்த ஐந்திலும் ஏறக்குறைய மூன்றரை லீற்றர் துருவங்களிலும் பெரிய மலைகளிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. ஒன்றரை லீற்றர் நிலத்துக்கு அடியில். ஆறு, குளம், ஏரி என்று நாம் கண்ணால் பார்க்கும் நல்ல தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் மூன்று தேக்கரண்டி கூட வராது. இந்தக் கணக்கை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "அப்ப மூணு கரண்டியிலயா டீச்சர் எல்லாரும் குடிக்கிறாங்க?" என்று கேட்டான். ஆமாம், அதோடு நிலத்தடியில் இருந்து எடுக்கும் கொஞ்சத்திலும்.

அந்த மூன்று கரண்டி தீர்ந்து போகாமல் இருப்பதற்குக் காரணம் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. வெயில் கடலைச் சூடாக்குகிறது, தண்ணீர் ஆவியாகிறது, உப்பு கடலிலேயே நின்றுவிடுகிறது. ஆவி காற்றில் சராசரியாக ஒன்பது, பத்து நாள்தான் தங்கும். பிறகு எங்கேயோ மழையாகவோ பனியாகவோ விழும். இன்று உங்கள் தலையில் விழும் மழை போன கிழமை இந்து சமுத்திரத்தில் உப்புத் தண்ணீராகக் கிடந்திருக்கலாம்.

அந்த ஆவியை மழையாக்குவது எது? இலங்கையில் பெரும்பாலும் நம்முடைய மலைதான். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஈரக் காற்று வருகிறது. கொழும்புப் பக்கம் நிலம் தட்டை. மலை குறுக்கே நின்றதும் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஏற ஏறக் குளிரும். கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகை, நுவரெலியாவில் 16 பாகை. குளிர்ந்த காற்றால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது, அங்கேயே கொட்டிவிடும். அதனால்தான் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் வரைக்கும் மழை பெய்கிறது. அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடும். வட்டவளையில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கும் அதே நாளில் வெலிமடையில் புழுதி பறக்கும். ஊவாத் தோழர்களுக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை இடிமழையும் அதன் பின் வரும் வடகிழக்குப் பருவக்காற்றும்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டிக்கோயா, நோர்வூட் பக்கம் விழும் மழை கெஹெல்கமு ஓயாவில் இறங்கி, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், களனி கங்கையாகக் கொழும்புக்கு அருகே மேற்குக் கடலில் சேர்கிறது. பக்கத்திலேயே கொட்டகலை, தலவாக்கலையில் விழும் மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆற்றோடு திருகோணமலைக்குப் போய்க் கிழக்குக் கடலில் விழுகிறது. ஒரே நாளில் ஒரே மேகத்திலிருந்து விழுந்த இரண்டு துளிகள், நடுவில் ஒரு முகடு இருப்பதால் நாட்டின் இரண்டு பக்கக் கடலுக்குப் போகின்றன. அட்டனில் ரெயில் ஏறும் பிள்ளைகள் அடுத்த முறை இதைக் கவனியுங்கள்.

போகும் வழியில் அந்தத் தண்ணீர் சும்மா போவதில்லை. காசல்ரீ, மவுசாகலை, கெனியன், லக்ஷபான என்று ஒவ்வொரு படியிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். கீழே அம்பத்தளையில் அதைச் சுத்தம் செய்து கொழும்பு நகரத்துக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். மகாவலிப் பக்கம் மேல் கொத்மலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று மின்சாரம், பிறகு வறண்ட வலயத்து வயல்கள். நாட்டு மக்களின் விளக்குக்கும் சோற்றுக்கும் மலையகத்து மழை வேலை செய்கிறது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. கொழும்பில் குடிக்கிறவரும் பொலன்னறுவையில் வயல் செய்கிறவரும் நம்மைப் போல உழைக்கிறவர்கள்தான். ஆனால் அணை கட்டியபோது இடம் கொடுத்ததில் நம்மவர்களும் உண்டு. மவுசாகலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது, கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். இவ்வளவும் கொடுத்த மலையில், நீர்த்தேக்கம் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலுள்ள லயத்தில், குழாய் ஒரு மணித்தியாலம்தான் வருகிறது என்றால் கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன்.

மழை விழுந்ததும் அதற்கு இரண்டு வழி. ஒன்று மண்ணின் மேலால் ஓடி ஓடைக்குப் போவது. மற்றது மண்ணுக்குள் இறங்குவது. மேலால் ஓடியது அன்றே போய்விடும். உள்ளே இறங்கியது மண்ணின் துளைகளிலும் பாறை வெடிப்புகளிலும் மெதுவாக, ஒரு நாளைக்குச் சில அடி என்றோ அதைவிட மெதுவாகவோ நகர்ந்து, கீழே எங்கே பாறை தடுக்கிறதோ அங்கே ஊற்றாக வெளியே வரும். நம் பீலியில் மாசி, பங்குனியில் வருவது அந்த மாதத்து மழை இல்லை. போன ஆடியிலும் ஐப்பசியிலும் மண்ணுக்குள் இறங்கிய மழைதான் மெல்ல நடந்து வந்து சேர்கிறது. எவ்வளவு மழை பெய்தது என்பதை விட எவ்வளவு உள்ளே இறங்கியது என்பதுதான் பங்குனியைத் தீர்மானிக்கிறது.

உள்ளே இறங்க என்ன வேண்டும்? மண்ணுக்கு மேலே மூடல் வேண்டும். இலை, சருகு, புல், வேர். காட்டில் மழை நேரே மண்ணில் அடிப்பதில்லை. இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, சருகில் ஊறி, புழு தோண்டிய துளை வழியாக இறங்கும். ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகள் இன்னும் ஒரு படி மேலே. மழையே இல்லாத நாளிலும் மூடுபனி இலைகளிலும் பாசியிலும் பட்டுத் துளியாகிச் சொட்டும். மரம் காற்றிலிருந்தே தண்ணீரைக் கறக்கிறது. அங்கிருந்துதான் ஆக்ரா ஓயா ஆரம்பிக்கிறது, தெற்கே போகும் வளவை கங்கையும் அந்த மேட்டிலிருந்துதான்.

1830களிலிருந்து கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதற்குப் பிறகு தேயிலைக்காகவும் இந்த மலைகளில் காடு வெட்டப்பட்டது. வெட்டியது நம் பாட்டன் பூட்டன் கைகள்தான். உத்தரவு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். தேயிலை நன்றாக மூடி வளர்ந்த மலை மழையை ஓரளவு தாங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செடி செத்து வெற்றிடம் விழுந்த மலையைப் பாருங்கள். மழைத்துளி நேரே அடித்து மண்ணின் மேல் துளைகளை அடைத்துவிடுகிறது, அப்புறம் தண்ணீர் இறங்காது, மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். செங்கல் நிறத்தில் ஓடும் ஓடை என்றால் அதில் போவது நம்முடைய அடுத்த வருடக் கொழுந்தும் அடுத்த பங்குனித் தண்ணீரும்.

பெரியவர்களுக்கு இது தெரியும். கான் வெட்டும் வேலை எதற்கு இருந்தது? மலைக்குக் குறுக்கே சரியான வாட்டத்தில் கான் வெட்டி, இடையிடையே குழி விட்டு, தண்ணீரை நிறுத்தி நிறுத்தி அனுப்பினார்கள். வருடா வருடம் கான் வாரி மண்ணை மேலே போட்டார்கள். கல்லு வரிசை கட்டினார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கினால் உடனே கன்று வைக்காமல், ஒன்றரை இரண்டு வருடம் மானாப் புல்லோ கோத்தமாலாப் புல்லோ போட்டு மண்ணைத் தேற்றினார்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பேர் குறைந்துவிட்டது என்று முதலில் நிறுத்தப்படுவது கான் வேலை. புல்லு வெட்ட ஆள் இல்லை என்று களைநாசினி அடிப்பது அடுத்தது. மருந்தடித்த மலை மொட்டையாகக் கிடக்கும். கணக்கில் இது செலவுக் குறைப்பு. அந்தச் செலவு எங்கே போகிறது என்றால், குடத்தைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடக்கிற பெண்ணின் இடுப்புக்குப் போகிறது.

கீழே உள்ளவர்களுக்கும் நட்டம்தான். 1976இல் திறந்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள்ளேயே கொள்ளளவில் கணிசமான பங்கு வண்டலால் நிரம்பிவிட்டது. மலை மண்தான் அது. இந்த நாட்டில் 1951ஆம் ஆண்டிலிருந்து மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பது எத்தனை தோட்டத்தில் நினைவில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

மண்ணுக்குள் தண்ணீர் இறங்குவது எப்போதும் நல்லதா என்று ஒரு தோழர் முன்பு கேட்டார். இல்லை. சாய்வான மலையில், கான் அடைத்து, தண்ணீர் ஓரிடத்தில் தேங்கி இறங்கினால், மண் பாரமாகும், அடியில் உள்ள பாறையோடு அதன் பிடி தளரும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்தது அதுதான். லயங்கள் அப்படியே புதைந்து போயின. அங்கே ஆபத்து என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆட்களுக்கு மாறிப்போக இடம் கிடைக்கவில்லை.

இதில் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் நினைவில் வைக்க வேண்டிய மூன்று எண்கள் உள்ளன. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் ஆபத்துள்ள இடத்தில் இருப்பவர்கள் வெளியேறிவிட வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. தோட்ட ஆபீசில் மழைமானி இருக்கிறது. தினமும் காலையில் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார்கள். அந்த எண் கொழுந்துக் கணக்குக்கு மட்டும் பாவிக்கப்படுகிறது. பிரட்டுக்களத்தில் ஒரு பலகையில் தினமும் அதை எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வெண்கட்டித் துண்டுக்கு மேல் செலவு இல்லை. அதோடு, நிலத்தில் புதிய வெடிப்பு, மரம் சாய்தல், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குதல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், வழக்கமான ஊற்று சட்டென்று நின்று போதல், இவற்றில் எதைக் கண்டாலும் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நிலத்தடித் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாததால் அதற்குச் சொந்தக்காரர் இல்லை என்று நினைக்கிறார்கள். உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017இல் ஆயிரக்கணக்கான மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். கீழே ஒரு துளை விழுந்தால் மேலே உள்ள கிணறு அறியும்.

காலநிலை மாறுவது இதை இன்னும் கடுமையாக்குகிறது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலாக ஆவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், பெய்யாதபோது நிலத்திலிருந்து கூடுதலாக உறிஞ்சும். அதே அளவு மழை குறைந்த நாட்களில் விழுந்தால் உள்ளே இறங்குவது குறையும்.

நான் படிப்பிக்கும் தோட்டத்தில் லயத்துக்கு மேலே ஒரு ஊற்று இருக்கிறது. அதைச் சுற்றி நின்ற பழைய மரங்களை நிர்வாகம் சில வருடங்களுக்கு முன் வெட்டி விற்றுவிட்டு, விறகுக்காக டர்பன் மரம் போட்டது. வேகமாக வளரும் மரம் வேகமாகக் குடிக்கும். ஊற்று குறைந்துவிட்டது என்று சொன்னபோது, "மழை குறைவு, நாங்கள் என்ன செய்ய" என்றார்கள். நம்மிடம் பதில் சொல்ல எண் இல்லை. இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கிழமைக்கு ஒரு முறை பீலியில் 20 லீற்றர் வாளி வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் என்று கைபேசியில் பார்த்து எழுதுகிறார்கள். இந்த ஜனவரியில் 50 செக்கன். போன கிழமை இரண்டு நிமிடத்துக்கு மேல். மூன்று வருடத்துக்கு இப்படி எழுதி, பக்கத்தில் ஆபீசின் மழைக் கணக்கையும் வைத்தால், மழை குறைந்ததா, மலை தாங்காமல் போனதா என்று யாரும் பார்க்கலாம்.

அதே பிள்ளைகள் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். லயத்துக் குழாய் ஒன்றின் மூட்டில் ஒழுகும் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் ஒரு லீற்றர் போத்தலை நிரப்பியது. ஒரு நாளைக்கு 288 லீற்றர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை சொல்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குறைந்த கணக்கில் போதுமானதை விடக் கூடுதலாக அந்த ஒரு மூட்டில் போய்க்கொண்டிருந்தது. யார் திருத்துவது என்பதில் தோட்டத்துக்கும் பிரதேச சபைக்கும் இழுபறி. கடைசியில் ஒரு அண்ணன் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினார். அந்த அண்ணனுக்கு நன்றி. ஆனால் அது தீர்வு இல்லை.

ஏனென்றால் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருக்கிறது. முன்பு பிரதேச சபையிடம் போனால், "தோட்டம் தனியார் இடம், எங்களுக்குச் செலவழிக்க அதிகாரம் இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. தோட்டங்களுக்கும் சேவை செய்யச் சபைக்கு வழி திறந்துவிட்டது. அந்தப் பழைய பதிலை இனி யாராவது சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். நீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் எடுத்ததையும் கடிதத்தில் எழுதுங்கள்.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது என்று நம்புகிறோம். மேலே மரக்கறித் தோட்டத்தில் அடிக்கும் மருந்துக்கும், மலக்குழியிலிருந்து வரும் கிருமிக்கும் நிறம் இல்லை. மலக்குழி ஊற்றிலிருந்து 50 அடிக்குள் இருக்கவே கூடாது, ஊற்றுக்கு மேல் பக்கத்தில் என்றால் அந்தத் தூரமும் போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுதிக் கேட்டால் தண்ணீரைச் சோதிக்க அனுப்பலாம். அதுவரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். நம் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் நன்றாகக் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். கொதித்தால் கிருமிதான் சாகும். மருந்து போகாது. அதற்கு ஊற்றுக்கு மேலே மருந்தடிக்காமல் இருப்பதுதான் வழி.

கூரைத் தண்ணீரையும் விடவேண்டாம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஒரு காம்பராவின் கூரை ஏறக்குறைய 20 சதுர மீற்றர் என்று வைத்தால், 10 மில்லிமீற்றர் மழைக்கு ஒரு பெரல் நிரம்பும். பீலி வைக்க ஒரு தகரம், ஒரு குழாய், நல்ல மூடி. மூடி இல்லாவிட்டால் தண்ணீரோடு டெங்குவையும் வளர்ப்போம். உடுப்புக் கழுவவும் கக்கூசுக்கும் அது போதும். லயக் கூரைகளுக்குப் பீலியும் பெரலும் போட்டுத் தரும்படி நிர்வாகத்திடம் கேட்பதை இந்த வருடக் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்று மாதர் சங்கம் பிரேரித்திருக்கிறது. நான் அதை வழிமொழிகிறேன்.

அடுத்த மாவட்டக் கமிட்டி கூடும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு தாள் கொண்டு வாருங்கள். உங்கள் டிவிஷனில் எத்தனை ஊற்று, ஒவ்வொன்றையும் நம்பி எத்தனை குடும்பம், மேலே என்ன நடப்பட்டிருக்கிறது, 20 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன். வயதானவர்களிடம் கேட்டு, வற்றிப் போன ஊற்றுகளின் பெயரையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். எழுதுவது கஷ்டம் என்றால் பிள்ளைகளை அனுப்புகிறேன், சனிக்கிழமை அவர்களுக்கு வேறு வேலை இல்லை.